சரிபாதி

"சரியா நடுவுல வெட்டுங்க. அவளுக்கு ஒரு விரற்கடை கூடப் போகக் கூடாது" என்றாள் அக்கா.

"அவங்களுக்கும்தான்" என்றாள் தங்கை.

இருவருக்கும் நடுவில் அவர்களுடைய அம்மாவின் சாப்பாட்டு மேஜை நின்றது. அம்மா காலமான பிறகு பாத்திரம், பீரோ எல்லாம் எப்படியோ பங்கு பிரிந்துவிட்டது. மேஜையை மட்டும் இருவருமே விடவில்லை. அக்கா தங்கைக்குள் பேச்சும் நின்றுபோயிற்று.

அதனால்தான் இந்தப் பட்டறைக்கு வந்திருந்தார்கள். பழைய ஜன்னல் சட்டம் இங்கே நிலைக்கண்ணாடியாகும். லாரி டயர் மெத்தை வைத்த இருக்கையாகும். காலி பாட்டில் விளக்காகும். நடத்துவது கணவனும் மனைவியும். மரவேலை மனைவியுடையது, பாலிஷ் கணவனுடையது.

"உங்க பாதியை எப்படிச் செய்யணும்?" என்று மனைவி அக்காவிடம் கேட்டாள்.

"ஹால்ல சுவரோரமா போடுற மாதிரி. வெட்டின பக்கத்துக்குப் பழைய தையல் மிஷினோட இரும்புக்கால் வெச்சுக் கொடுங்க. வர்றவங்க கண்ணு அதுமேலதான் இருக்கணும்."

"உங்களுக்கு எப்படிம்மா?"

"என் பொண்ணு உட்கார்ந்து எழுதுறதுக்கு. நீல பெயிண்ட் அடிச்சு, வெட்டின பக்கமும் கால் வெச்சு, எல்லாக் காலையும் கொஞ்சம் குட்டையாக்கிடுங்க" என்றாள் தங்கை.

"பெயிண்ட் அடிக்கலாம். காலைக் குறைக்க வேண்டாம். பொண்ணு வளருவா, மேஜை வளராதே!"

தங்கை அரை மனதாகத் தலையாட்டினாள்.

மனைவி அளந்து சாக்பீஸால் கோடு போட்டாள். மேஜையின் நடுவில் சூடு பட்ட கருப்பு வட்டம் ஒன்று இருந்தது. கோடு அதன் மேலேயே போயிற்று.

"அந்த வட்டம் என் பக்கம் வரணும்" என்றாள் அக்கா. "கொதிக்கிற பாத்திரத்தை அங்க வெச்சது நான்."

"வெச்சது அவங்க. அம்மாகிட்ட அடி வாங்கினது யாருன்னு கேளுங்க."

"அவ ஏன் ஓடாம நின்னா? அதைக் கேளுங்க."

"மேஜைக்கு அடியில ஒளிஞ்சவளை எங்க ஓடச் சொல்றாங்க?"

அக்காவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவன் இதைப் பார்த்துவிட்டான். "ஏம்மா, இவ்வளவு நல்ல மேஜையை வெட்டத்தான் வேணுமா? ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டு..."

"நீங்க அந்தப் பக்கம் அழுத்திப் பிடிங்க" என்று சொல்லி மனைவி ரம்பத்தை ஓடவிட்டாள்.

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். தங்கை வாசலுக்கே போய்விட்டாள். ரம்பம் நின்றபோது கருப்பு வட்டம் இரண்டு பிறையாகியிருந்தது.

அடுத்த வாரம் இரண்டு பாதிகளும் தயாராயின. ஒன்று இரும்புக்காலோடு கம்பீரமாக நின்றது. மற்றது நீலமாகப் பளபளத்தது. இரண்டு வண்டிகள் வந்தன. சகோதரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கு ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வண்டிகள் தெருமுனை திரும்பியதும் கணவன் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு, பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா ரம்பத்தை எடுத்தே? ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தா சேர்ந்திருப்பாங்க. உனக்கு எடுத்த வேலை முடிஞ்சாப் போதும். மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

மனைவி மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "நான் வெட்டலைன்னா வேற பட்டறைக்குப் போயிருப்பாங்க."

"போகட்டுமே! அந்தப் பாவமாவது நமக்கு இல்லாம இருந்திருக்கும்."

"அங்க போயிருந்தா, ஒண்ணுல கொக்கியும் இன்னொண்ணுல வளையமும் யார் வெச்சுக் கொடுத்திருப்பா?"

"கொக்கியா? நான் பாக்கவே இல்லையே!"

"நீங்க பாலிஷ் போட்டு முடிச்சப்புறம் பலகைக்கு அடியில வெச்சேன். ரெண்டையும் பக்கத்துல தள்ளி மாட்டினா, பழையபடி ஒரே மேஜை."

கணவன் கையிலிருந்த பாலிஷ் துணியைக் கீழே வைத்தான். "அடிப்பாவி! இதை அவங்ககிட்ட சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"இன்னைக்குச் சொன்னா கழட்டச் சொல்லுவாங்க."