ஃபேமஸ் டாக்டர் கீழே இருக்கார்

“ஃபேமஸ் டாக்டர் கீழே இருக்கார். படி இறங்கி வலது பக்கம்.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள் அந்த இளம் பல் டாக்டர். மூன்று மாதமாக வாய் தானாகப் பாடும் பாட்டு அது. அவளுடைய மாடி கிளினிக்கின் கதவைத் திறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கீழே இருப்பவருக்கு வழி கேட்கத்தான் திறந்தார்கள்.

“தெரியும்மா. நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்.”

எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அவசரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். தொப்பி, முகக்கவசம், அதையும் மீறிப் புடைத்த இடது கன்னம். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர், படிக்கட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வேற யாரும் இல்லையே?”

“யார் இருக்கப் போறாங்க? உதவிக்கு இருக்கிற அக்காவும் சாப்பிடப் போயாச்சு. உட்காருங்க சார்.”

அந்த அக்காவோடுதான் காலையில் ஒரு சண்டை முடிந்திருந்தது. “பலகையில அந்த ஒரு வார்த்தையைப் போட்டுத் தொலைங்க டாக்டரம்மா! இஸ்திரிக் கடை ஃபேமஸ், சாவி போடறவர் ஃபேமஸ், நேத்து திறந்த செருப்புக் கடை இன்னிக்கே ஃபேமஸ். எங்க வீட்டுக்காரர்கூடக் குறட்டைக்கு ஃபேமஸ். உங்களுக்கு மட்டும் என்ன?”

“அது ஊர் சொல்ற வார்த்தைக்கா. நாம வாங்கி மாட்டறது இல்லை.”

“ஊர் மறந்துடுச்சுன்னா நாமதான் ஞாபகப்படுத்தணும்!”

பேச்சில் அக்காவை யாரும் ஜெயித்ததில்லை. கீழே இருந்த அந்த ஃபேமஸ் பல் டாக்டரின் பலகையில் சுருட்டை முடியும் அடர்ந்த மீசையுமாக ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் தினமும் படியேற வேண்டும். நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ள ரோஷம் விடவில்லை.

கடைசியில் ரோஷமும் களைத்துப்போனது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். சம்மதம் என்று எழுதி இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். கவிழ்ந்து கிடந்த கடிதம் அதுதான். பாதி எழுதியாகிவிட்டது.

வந்தவர் தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றினார். வழுவழுவென்ற வழுக்கையிலும் மழித்த மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது.

“எத்தனை நாளா வலி?”

“பத்து நாளா. நேத்து ராத்திரி பூரா வீட்டுக்குள்ளயே நடந்தேன்.”

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். ஞானப்பல் எலும்புக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. லேசில் வருகிற ஆளாகத் தெரியவில்லை.

“என்கிட்ட வரச்சொல்லி உங்களுக்கு யார் சொன்னாங்க?” ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

“யாரும் சொல்லலை. ஒருத்தர் வாயில உங்க வேலையைப் பார்த்தேன். அடைச்ச இடமே கண்ணுக்குத் தெரியலை. என் பல்லுன்னா உங்ககிட்டதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

அவளுக்குக் காது குளிர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பல்லை அடைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

“ஊசி மட்டும் கொஞ்சம் மெதுவாம்மா...” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“இந்த வயசுலயுமா சார் பயம்?”

“பயத்துக்கு வயசு தெரியுமா?”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஈறைக் கீறி, பல்லை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, மூன்று தையல் போட்டாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் எப்போது தளர்ந்தன என்று அவள் கவனிக்கவில்லை. “முடிஞ்சுது” என்றதும் அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“அவ்வளவுதானா? வலிக்கவே இல்லையே!”

“பஞ்சை நல்லாக் கடிச்சுக்குங்க சார். பேசக் கூடாது.”

கையுறையைக் கழற்றினாள். மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் கை வயிறாரச் சாப்பிட்டது மாதிரி இருந்தது. நல்ல வேலை, நல்ல மனிதர். இதுவே கடைசியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். நினைக்கும்போதே கண் கலங்கியது.

மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினாள்.

“ஒரு வாரம் கழிச்சுத் தையல் பிரிக்கணும் சார். ஆனா இங்கே வராதீங்க. நான் இருக்க மாட்டேன்.”

“என்னது?” அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னியோட மூட்டை கட்டறேன். வெளியூர்ல வாத்தியார் வேலை. கையில தொழில் இருந்து என்ன சார், பேர் இல்லையே. யாரும் படியேறி வர்றதில்லை.”

“அப்போ என் தையல்?”

“அதுக்கு ஏன் சார் கவலை? கீழேயே ஃபேமஸ் டாக்டர் இருக்கார். அவருக்கு ரெண்டு நிமிஷ வேலை. தைரியமா அவர்கிட்ட போங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கடித்த பஞ்சோடு குழறினார்.

“என் வாய்த் தையலை நானே எப்படிம்மா பிரிச்சுக்கறது?”