கோப்ரா எஞ்சின்

"கோப்ரா எஞ்சினைப் பூட்டியாச்சு அண்ணை. முந்நூற்றைந்து குதிரைவலு," என்றான் மெக்கானிக் கிருஷாந். "உங்கட மஸ்டாங் காரின்ர பழைய எஞ்சினும் நல்லாத்தானே ஓடினது?"

"சத்தம் காணாது," என்றார் தங்கத்துரை.

"இது மில்லிக்கன் ஊரையே எழுப்பும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவினம். சைலன்சரை மாத்திவிடட்டோ?"

"வேண்டாம் தம்பி."

ஞாயிறு காலை தங்கத்துரை வாசலில் நின்ற காரில் ஏறி, நின்ற இடத்திலேயே உறும விட்டார். ஜன்னல்கள் அதிர்ந்தன. அவர் இறங்கி வீட்டுக்குள் போன கையோடு கதவு தட்டுப்பட்டது. எதிரே கண்டாலும் தலையாட்டாத அடுத்த வீட்டு நாகமணி நின்றார்.

"உது காரோ, பிளேனோ? மனுசர் நித்திரை கொள்ளேலாதோ?"

"பிழைதான். உள்ளுக்கு வாங்கோ."

மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர். காரை முடுக்குமுன்பே ஊற்றி மூடி வைத்தது.

"சீனி காணுமோ எண்டு பாருங்கோ அண்ணை," என்றார் தங்கத்துரை.