ரதிக்குத் தட்டும் விரல்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில், கதவு வழியாக வரும் மத்தியான வெயில் கட்டில் கால்வரைக்கும்தான் எட்டுகிறது. பக்கவாதத்தில் விழுந்த அழகர் கூரைத் தகரத்தைப் பார்த்தபடியே கிடக்கிறார். மனைவி விஜயலெட்சுமி காலையிலிருந்து கூப்பிடுகிறாள், இமைகூட அசையவில்லை. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிகிறது. பக்கத்து ஸ்டூலில் சிவனு உட்கார்ந்திருக்கிறார். காமன் கூத்தில் அழகர் மன்மதனாக ஆடிய வருஷமெல்லாம் சேலை கட்டி ரதியாக ஆடியவர். நரைத்த மீசைக்குக் கீழே அந்தப் பெண்குரல் இன்னும் இருக்கிறது. மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் பாட்டை அவர் மெல்ல எடுக்கிறார். போர்வைமேல் அழகரின் விரல் தட்டுகிறது. மறுபடியும் தட்டுகிறது, தாளம் பிசகாமல். விஜயலெட்சுமி கஞ்சிக் கரண்டியைப் பாதியில் நிறுத்துகிறாள். பதுளை கிளினிக்கில் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வருகிறது: "நரம்பு செல்லு மேல ஏற்பின்னு ஒன்னு இருக்கும்மா. அதுக்குன்னே உள்ள புரதம் வந்து ஒட்டுனா செல்லு சாகாம நிக்கும். வேற எது வந்தாலும் அது கண்டுக்காது." அன்று தலையாட்டிவிட்டு வந்தாள். இன்று அது புரிகிறது, வயிறும் எரிகிறது.

"பீத்துணி அலசுறது நானு. இந்த மனுசனுக்கு ரதி கூப்புட்டாத்தான் கேக்குது!"

சிவனு கூசிப்போய்ப் பாட்டை நிறுத்துகிறார். விரலும் நின்றுவிடுகிறது. அவள் கரண்டியை வைத்துவிட்டு, தன் உள்ளங்கையை அந்த விரலுக்கு அடியில் நுழைக்கிறாள்.

"பாடுங்கண்ணே," என்கிறாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நிப்பாட்டாதீங்க."