இன்னும் எவ்வளவு தூரம்?

டொராண்டோவுக்குப் போகும் பெட்டியில், மாங்காய் ஊறுகாய் பாட்டில் உடையாமலிருக்க, அவசரத்தில் யாரோ கல்யாண வேட்டியையே அதன்மேல் சுற்றிவிட்டார்கள். சென்னையில் விமானம் கிளம்பியதிலிருந்தே வேட்டிக்குப் படபடப்பு.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“பதிமூவாயிரம் கிலோமீட்டர். முழுசா ஒரு நாள் ஆகும். கொஞ்சம் தூங்கேன்,” என்றது பாட்டில்.

“மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கிட்டுத்தான் மணையில உட்காரணும். நீ சிந்தினா என் கதி?”

“மூடி இறுக்கமாத்தான் இருக்கு.”

வேட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. விமானம் குலுங்கும்போதெல்லாம் மூடியைப் பிடித்து லேசாகத் திருகிப் பார்த்துக்கொண்டது. வழியில் விமானம் மாறியபோதும் திருகியது.

கடைசியில் சக்கரங்கள் தரையைத் தொட்டன.

“வந்துட்டோம்! ஒரு சொட்டுகூடச் சிந்தலை!”

“இப்பவாவது என் மூடியை விடேன்,” என்றது பாட்டில்.

நிம்மதியாக வேட்டி விலகியது. மூடியும் அதனோடேயே வந்தது.