போடாத ஊசி

"நான் இந்த வீட்டிலை கை நனைக்க மாட்டன்."

பந்தியிலிருந்து எழும்பிவிட்டான் அருட்பிரகாசம். இலையில் சோறு விழுந்தாயிற்று. சண்டிலிப்பாய் ஊர்ச் சனம் முழுவதும் சோற்றில் வைத்த கையோடு அவனையே பார்த்தது.

இறந்துபோனவள் அவனுடைய அக்கா ஞானாம்பிகை. அவளுடைய முதலாம் வருட ஆட்டத்திவசத்துக்கென்றே இங்கிலாந்திலிருந்து வந்திருந்தான். போய் எட்டு வருடத்தில் இதுதான் முதல் வரவு.

"என்ன தம்பி, சாப்பாட்டிலையோ கோபம்?" என்றார் அத்தான் கனகலிங்கம். அவர் கையில் பருப்பு வாளி.

"உங்களிலை! நேற்று ஆசுப்பத்திரிக்குப் போய் அக்காவின்ரை பழைய பதிவைப் பாத்தனான். சின்ன வயசிலை வாதக்காய்ச்சல் வந்து இருதயம் பழுதான பிள்ளை அவள். மாசம் ஒரு பெனிசிலின் ஊசி. அவ்வளவுதான். அதைப் போட்டிருந்தால் இண்டைக்கு இருந்திருப்பாள். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து ஒண்டுகூடப் போடேல்லை. ஏழு வருசம், அத்தான்!"

பந்தி சலசலத்தது. ஞானாம்பிகைக்கு அப்படி ஒரு நோய் இருந்ததே ஊருக்கு அப்போதுதான் தெரியும்.

கனகலிங்கம் வாளியைப் பார்த்தபடி சொன்னார்.

"தோட்ட வேலை, தம்பி. கூட்டிக்கொண்டு போக நேரம் வரேல்லை."

"போயிலைக் கண்டுக்குத் தண்ணி இறைக்க நேரம் வந்தது. அக்காவுக்கு மாசத்திலை ஒரு காலமை வரேல்லையோ?"

கனகலிங்கம் அடுத்த இலைக்குப் பருப்பு விட்டார். கல்லுளிமங்கன் என்றால் இவர்தான். பெண்சாதியைச் சாகக் கொடுத்த மனிதர் இப்படி நிற்பாரா?

இரண்டு இலை தள்ளியிருந்த ஊர்ப் பெரியவர் கனகசபாபதியர் பேச்சை மாற்றப் பார்த்தார். "அது கிடக்கட்டும், தம்பி அங்கை என்ன வேலை? டாக்குத்தரோ?"

"இல்லை ஐயா, ஆராய்ச்சி. மருந்தை உடம்புக்குள்ளை கொஞ்சம் கொஞ்சமாக் கசிய விடுற ஒரு பொருள் செய்யிறன். பிளாஸ்ரிக் மாதிரி, உளுந்தளவு. தோலுக்குக் கீழை வைச்சுவிட்டால் ஒரு வருசத்துக்குக் காணும். மாசாமாசம் ஊசிக்கு அலையத் தேவையில்லை."

"அட! முடிஞ்சுதோ?"

"எங்கை ஐயா! எட்டு வருசமா மல்லுக்கட்டுறன். ஒண்டில் மருந்து முழுக்க ஒரே நாளிலை கொட்டிப்போகும். இல்லாட்டி உடம்பு ஏற்காமல் சீழ் வைக்கும். இன்னும் எலியிலை சோதிக்கிறதோடைதான் நிக்கிறன்." அவன் அத்தான் பக்கம் திரும்பினான். "விட்டிட்டு வேறை வேலைக்குப் போவமெண்டு எத்தினைதரம் நினைச்சனான். இனி விடமாட்டன். இவரைப் போலை புருசன்மார் இருக்குமட்டும் விடமாட்டன்."

தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினான். கனகலிங்கம் படலை வரைக்கும் பின்னால் போனார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பந்தி ருசிக்குமா? அரைவயிற்றோடு எழும்பினார்கள். வெற்றிலைத் தட்டைத் தொடாமலே சிலர் போய்விட்டார்கள். "கிளி மாதிரிப் பெட்டை. ஆர் கையிலை குடுத்திருக்கினம், பார்!" என்ற பேச்சு ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

வீடு காலியானதும் கனகலிங்கத்தின் தங்கை கமலாவதிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, மச்சாளுக்கு இருதய வருத்தமெண்டு அவ கண்மூடுறதுக்கு ரெண்டு நாளைக்கு முதல்தானே உங்களுக்கே தெரியும்? டாக்குத்தர் சொல்ல நீங்கள் தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்ததை நான் என்ரை கண்ணாலை பாத்தனான். நேரம் வரேல்லையெண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அவர் உள்ளே போனார். மனைவியின் தகர றங்குப்பெட்டியைத் திறந்து, கூறைச்சேலைக்குக் கீழே கிடந்த நீலநிற வான்கடிதமொன்றை எடுத்துவந்து நீட்டினார்.

"செத்தவீடு முடிஞ்சாப் பிறகுதான் கண்டனான். வாசி."

1970 ஆவணித் திகதி போட்டிருந்தது. அருட்பிரகாசத்தின் கையெழுத்து.

'அன்புள்ள அக்கா, சம்பந்தம் பேசுகிற நேரத்தில் ஊசிக்குப் போகாதே. யாரும் கண்டால் குழம்பிவிடும். அத்தானாக வருகிறவருக்கும் சொல்லாதே. இங்கே நான் செய்கிற மருந்து இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒன்று போதும். முதல் மருந்து உனக்குத்தான். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.'

கமலாவதி கையெழுத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

"தான் எழுதினதையே மறந்துபோனானோ?"

"பெடியன். போன புதிசிலை ஒரு பெருமையிலை எழுதிப்போட்டு மறந்திட்டான். இவள் நம்பிப்போட்டாள், பிள்ளை. எனக்கும் சொல்லாமல், ஊசியும் போடாமல், ஏழு வருசம் அவன்ரை மருந்துக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்." அவர் அழுதார். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

"அப்ப இதை அவன்ரை முகத்திலை எறிஞ்சிருக்க வேண்டாமோ? ஊரெல்லோ உங்களைக் காறித் துப்புது!"

கனகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

"எறிஞ்சிருந்தால் பிறகு அவன்ரை கை அந்த மருந்தைத் தொடுமோ? இவளைப் போலை இன்னும் எத்தினை பெட்டையள் நோய் வருத்தத்தை ஒளிச்சுக்கொண்டு இருக்குதுகளோ, ஆர் கண்டது? என்னைத் திட்டித் திட்டியாவது அவன் அதைச் செய்து முடிக்கட்டும்."