பன்னிரண்டாவது ரெக்கார்டு

சிவப்புப் பேனா அட்டையைத் தொடுவதற்குள் அவள் பாய்ந்து ரெக்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

"கையை எடும்மா," என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"எடுக்கறேன் சார். என்ன தப்புன்னு சொல்லிட்டுக் கோடு போடுங்க."

வராந்தாவில் அவளுடன் படித்த பதினொரு பேரும் தேறிவிட்ட தெம்பில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே போய், காது வரை இளிப்போடு வெளியே வந்தவர்கள்.

அதில் ஒருவன் உயிரியல் ஆசிரியராகப் போகிறவன். இதயம் இடப்பக்கம்தானே, படத்தில் ஏன் வலப்பக்கம் இருக்கிறது என்று நேற்றுகூட அவளிடம் கேட்டவன்.

அவன் ரெக்கார்டுக்கு 'மிக நன்று' கிடைத்திருந்தது.

நடத்திய நாற்பது பாடங்களையும், படங்களோடு, தன் கைப்பட எழுதி ஒப்படைக்க வேண்டும். அதுதான் ரெக்கார்டு. அது இல்லாமல் ஆசிரியர் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால் உயர்நிலைப் பள்ளியின் வாசலில் வேண்டுமானால் நிற்கலாம்.

'தன் கைப்பட' என்பது விதி. நடைமுறை, கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் பின்னறை. அங்கே கூலிக்கு எழுதித் தருவார்கள். இந்த வருடத்துப் பதினொன்றும் கடைக்காரர் கைவண்ணம்தான். ஆளுக்கு ஒரு சாய்வில் எழுதுவதில் மனிதர் கில்லாடி.

பன்னிரண்டாவதை மட்டும் அவளே எழுதியிருந்தாள்.

மாட்டியது அதுதான்.

தேர்வாளர் ஒரு பக்கத்தைப் புரட்டி விரலால் தட்டினார். "ஒன்பது வருஷமா கல்லூரி கல்லூரியா போய்த் திருத்தறேன். எங்க போனாலும் இந்தக் கையெழுத்து எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கு. இதே குண்டு எழுத்து, இதே இலை நரம்பு. வாங்கறதுதான் வாங்கறீங்க, ஊருக்கெல்லாம் எழுதற ஆளுகிட்டயா போய் வாங்கறது?"

பக்கத்து நாற்காலியில் அவளுடைய பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. அவருக்கு எல்லாம் தெரியும்.

தேர்வாளர் சொன்னதில் பாதி சரி. அது கூலிக்கு எழுதும் கையெழுத்துதான்.

கூலிக்காரி அவளேதான்.

இருபது வருடம் அந்தப் பின்னறையில் குனிந்தவள் அவள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கெல்லாம் 'ரெக்கார்டு அக்கா'. எத்தனை பேரை ஆசிரியராக்கி அனுப்பியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. நேரில் வந்து கேட்கும் தைரியம்கூட அவர்களில் பாதிப் பேருக்கு இருந்ததில்லை. தம்பியை அனுப்புவார்கள், தங்கையை அனுப்புவார்கள். நாற்பது பாடத்தில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் கையெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள்.

அப்படிப் போன ஒருவனை மகளின் பள்ளியில் பார்த்தாள். ஜன்னல் வழியாக. புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து ஒளிச்சேர்க்கையை வாசித்துக்கொண்டிருந்தான். நடுவில் இரண்டு தாள் ஒட்டிப் புரண்டு, பாடம் இலையிலிருந்து நேராகத் தவளைக்குத் தாவியது. அவன் நிறுத்தவில்லை. தவளையையும் அதே குரலில் வாசித்தான்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள்: "இவனெல்லாம் வாத்தியார்னா, அப்ப நான் யாருங்க?"

அவன் மறுநாள் தபால் வழிப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிவந்து கொடுத்தான். மூன்று வருடத்தில் ஒரு பட்டம். அதன்பின் இந்தக் கல்லூரி. சேர்ந்த அன்றே பின்னறைக்கு முழுக்குப் போட்டாள். மகளின் பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. இன்று தேறினால் திங்கட்கிழமை விண்ணப்பிக்கலாம்.

"நானே எழுதினது சார்."

"அப்படியா?" தேர்வாளர் வெள்ளைத்தாள் ஒன்றை அவள் முன் தள்ளினார். குரலில் தேன் ஒழுகியது. "எழுதிக் காட்டுங்க. வேற கையெழுத்து வந்தா நீங்க வாங்கினவங்க. உங்களுக்குப் பட்டம் இல்லை. இதே கையெழுத்து வந்தா ஊருக்கெல்லாம் வித்தவங்க. ஆயுசுக்கும் இல்லை. எப்படி வசதி?"

பேராசிரியை கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு, பின்னுக்குச் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்த தேர்வாளரைப் பார்த்தாள். மேசையில் இருந்த அவருடைய பெயர்ப்பலகையைப் பார்த்தாள். இருபது வருடத்துத் தூசியைத் தட்டுகிற மாதிரி தாளை ஒருமுறை கையால் நீவிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

எல்லா ரெக்கார்டிலும் முதல் தாளில் வரும் உறுதிமொழியை எழுதினாள்.

'இதிலுள்ள பாடங்கள் அனைத்தும் என்னால், என் சொந்தக் கையால் எழுதப்பட்டவை.'

அதே குண்டு எழுத்து. தேர்வாளர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அவள் நிறுத்தவில்லை. கீழே பாடத்தை எழுதினாள்: தாவரவியல். அதன் கீழே ஆண்டை எழுதினாள். இந்த ஆண்டு இல்லை. அவள் முதன்முதலாக ஒருவருக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுத்த ஆண்டு.

மாணவர் பெயர் வர வேண்டிய இடத்தில், எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.