ஃபைல் மட்டும் தரமாட்டோம்

அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஜெயசீலன், என் அப்பாவின் படத்தை வைத்து அதன் கீழே பெயரைத் தட்டியதும், திரையில் அது அப்பாவின் கையெழுத்திலேயே வந்து விழுந்தது. அவருடைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து, இரண்டு வருடம் உட்கார்ந்து நான் செய்த ஃபான்ட் அது. இதுவரை காசு கொடுத்து வாங்கியவர்கள் பதினோரு பேர். ஊரில் பாதி பேனர் அதில்தான் நிற்கிறது.

“இதை எங்க வாங்குனீங்க?”

“ஃபான்ட்டைப் போய் யாராச்சும் வாங்குவாங்களா மேடம்? பென்டிரைவ்ல ஆயிரம் கிடக்கு.”

“இது நான் செஞ்சது. லைசன்ஸ் இல்லாம யூஸ் பண்ணக் கூடாது.”

“அட, நீங்களா! புதுசா ஏதாச்சும் இருந்தா ஏத்திட்டுப் போங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “டிசைன் கூலியை வாங்கிக்கிட்டு ஃபைலைக் குடுங்க. வேற கடையில அடிச்சுக்கிறேன்.”

அவர் முகம் சட்டென்று மாறியது.

“ஃபைல் மட்டும் தரமாட்டோம் மேடம். அடுத்தவன் உழைப்பை நோகாம தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு திருட்டு.”

சொல்லிக்கொண்டே, நான் திரையைப் போட்டோ எடுத்துவிடக் கூடாதென்று, அப்பாவின் முகத்துக்குக் குறுக்கே தன் கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டார். அதையும் அப்பாவின் கையெழுத்தில்.